வீட்டு கம்ப்யூட்டரில் பூமியை அளக்கலாம்: சேட்டிலைட் படங்களைப் படிக்க ஒரு பாடம்

2019 கோடையில் சென்னையின் புழல் ஏரியைக் காட்டும் இரண்டு சேட்டிலைட் படங்கள் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளியாயின. முந்தைய ஆண்டுப் படத்தில் ஏரி நிறைய நீர். அடுத்த படத்தில் வெறும் மண். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் சேர்ந்து சுமார் 11 டி.எம்.சி. கொள்ளக் கூடியவை. அந்த ஜூன் மாதத்தில் அதில் ஒரு சதவீதம் தண்ணீர் கூட இல்லை. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் படங்களைப் பார்த்து வியந்தவர்கள் பலர். அதே போன்ற படங்களை நம் வீட்டு கம்ப்யூட்டரில், காசு செலவின்றி, நாமே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தனி சாப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. சாதாரண பிரவுசரும் இன்டர்நெட் இணைப்பும் போதும்.

ஆனால் ஒன்று. படத்தைத் திறப்பது எளிது. அதைச் சரியாகப் படிப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நிலம், கடல், பனி என்று மூன்று பயிற்சிகள் மூலம் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இலவசமானது எப்போது?

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் சேட்டிலைட் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அன்று தொடங்கி இன்றுவரை பூமியின் நிலப்பரப்பை அந்த வரிசை சேட்டிலைட்டுகள் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன. ஆனால் நீண்ட காலம் இந்தப் படங்களுக்கு விலை உண்டு. லேண்ட்சாட்-7 எடுத்த ஒரு படத்துக்கு 600 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. 2008ல்தான் பழைய படங்கள் உட்பட அனைத்தும் இலவசம் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவின் சென்டினல் சேட்டிலைட்டுகளின் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம். நம் இஸ்ரோவும் 2009ல் புவன் என்ற தளத்தைத் தொடங்கியது.

அது போட்டோ அல்ல, எண்களின் அட்டவணை

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைப் பதிவு செய்கிறது. சென்டினல்-2 சேட்டிலைட் 13 எண்களைப் பதிவு செய்கிறது. இவற்றை பேண்ட் என்பார்கள். இவற்றில் பல நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சேர்ந்தவை.

இதில் என்ன பயன்? தண்ணீர் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். செடி கொடிகள் அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வறண்ட மண்ணும் ஓரளவு திருப்பி அனுப்பும். எனவே பச்சை ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டால் தண்ணீர் தனியாகத் தெரிந்துவிடும். அதற்கான கணக்கு இதுதான்:

தண்ணீர்க் குறியீடு = (பச்சை − அகச்சிவப்பு) ÷ (பச்சை + அகச்சிவப்பு)

எடுத்துக்காட்டாக, ஒரு பிக்சலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.02 என்று வைத்துக்கொள்வோம். 0.06ஐ 0.10ஆல் வகுத்தால் விடை 0.6. இது தண்ணீர். இன்னொரு பிக்சலில் பச்சை 0.12, அகச்சிவப்பு 0.24. விடை மைனஸ் 0.33. இது நிலம். பொதுவாக பூஜ்யத்துக்கு மேல் என்றால் தண்ணீர், கீழே என்றால் நிலம் என்று கொள்ளலாம்.

ஏன் வகுக்க வேண்டும், கழித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு நாள் வெயில் பளிச்சென்றும் மறுநாள் மங்கலாகவும் இருந்தால் இரண்டு எண்களும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். வகுக்கும்போது அந்த வேறுபாடு பெருமளவு நீங்கிவிடுகிறது. இந்தக் குறியீட்டுக்கு என்.டி.டபிள்யூ.ஐ. என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயிற்சியில் இது மெனுவில் வரும்.

எந்த சேட்டிலைட் எதற்கு?

ஒரே சேட்டிலைட் நுணுக்கமாகவும், அடிக்கடியும், பரந்த இடத்தையும் பார்க்க முடியாது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை விட வேண்டும்.

* லேண்ட்சாட் 8, 9: ஒரு பிக்சல் 30 மீட்டர். ஒவ்வொன்றும் 16 நாட்களுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வரும். இந்த வரிசையின் பழைய பதிவுகள் 1972 வரை செல்வதால், நீண்ட கால மாற்றங்களுக்கு ஏற்றது.
* சென்டினல்-2: முக்கிய பேண்டுகளில் ஒரு பிக்சல் 10 மீட்டர். இரண்டு சேட்டிலைட்டுகள் சேர்ந்து ஐந்து நாட்களுக்கு ஒரு முறை. ஏரி, வயல், ஆறு ஆகியவற்றுக்கு ஏற்றது. 2015 முதல் படங்கள் உண்டு.
* மோடிஸ், விர்ஸ் கருவிகள்: ஒரு பிக்சல் 250 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை. ஆனால் நாள்தோறும் கிட்டத்தட்ட முழு பூமி. புயல், கடல், காட்டுத் தீ போன்றவற்றுக்கு ஏற்றது. மோடிஸ் பதிவு 2000ல் தொடங்குகிறது.
* மைக்ரோவேவ் கருவிகள்: ஒரு கட்டம் 25 கிலோமீட்டர் வரை பெரியது. ஆனால் இருட்டிலும் மேகத்தைத் தாண்டியும் பார்க்கும். துருவப் பனிக்கு ஏற்றது.

பயிற்சி 1: ஏரியில் தண்ணீர் எவ்வளவு பரப்பு?

1. தேடல் தளத்தில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்று தேடித் திறக்கவும். படங்களைப் பார்க்க மட்டும் என்றால் பெயர் பதிவு செய்ய வேண்டியதில்லை. டவுன்லோட் போன்ற சில வசதிகளுக்கு இலவசமாகப் பதிவு செய்து கொள்ளலாம்.
2. இடம் தேடும் கட்டத்தில் புழல் ஏரி என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். கிடைக்காவிட்டால் வரைபடத்தில் சென்னைக்கு வடமேற்கே மவுஸால் நகர்த்திச் சென்று கண்டுபிடிக்கலாம்.
3. சென்டினல்-2 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். காலண்டரைத் திறந்தால் படம் உள்ள தேதிகள் மட்டும் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருக்கும்.
4. 2018 ஜூன் மாதத்தில் மேகம் குறைவான ஒரு தேதியைக் கிளிக் செய்யவும். அந்த மாதத்தில் ஏரி தெளிவாகத் தெரியும் நாள் இல்லையென்றால் மே மாதத்தைப் பார்க்கவும்.
5. லேயர் பட்டியலில் முதலில் இயற்கை நிறப் படத்தைப் பாருங்கள். பிறகு என்.டி.டபிள்யூ.ஐ. லேயரைக் கிளிக் செய்யவும். தண்ணீர் நீலமாகவும் நிலம் பச்சையாகவும் மாறும்.
6. இந்தப் படத்தை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கவும். கம்பேர் என்ற சொல் உள்ள ஐகானைத் தேடினால் கிடைக்கும்.
7. இப்போது 2019ஆம் ஆண்டின் அதே மாதத்துக்குச் சென்று, அதே லேயரைத் தேர்ந்தெடுத்து, அதையும் பட்டியலில் சேர்க்கவும்.
8. ஒப்பீட்டுப் பகுதியைத் திறந்து, நடுவில் உள்ள கோட்டை மவுஸால் இழுத்தால், ஒரு படம் விலகி மற்றொன்று தெரியும்.

இங்கே ஒரு கவனம் தேவை. சென்டினல்-2ல் எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகைகள் உண்டு. முதலாவதில் இடையில் உள்ள காற்று மண்டலத்தின் விளைவு நீக்கப்பட்டிருக்காது, இரண்டாவதில் நீக்கப்பட்டிருக்கும். எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு தேதிக்கும் ஒரே வகையைப் பயன்படுத்துங்கள்.

அளப்பது எப்படி? பரப்பு வரையும் கருவி மூலம் நீலப் பகுதியின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து வளையத்தை மூடினால் பரப்பளவு கிடைக்கும். கணக்கும் எளிதுதான். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10,000 பிக்சல்கள். 20 சதுர கிலோமீட்டர் ஏரி என்றால் 2 லட்சம் பிக்சல்கள். இவ்வளவு எண்கள் சேர்ந்து பேசும்போது ஒன்றிரண்டு பிக்சல் தவறாக இருந்தாலும் முடிவு மாறாது. ஆனால் 50 மீட்டர் அகலமுள்ள குட்டையில் ஐந்து பிக்சல்தான். அங்கே கரையோரப் பிக்சல்கள் பாதி நீர், பாதி நிலம் என்று கலந்து குழப்பும். சிறிய நீர்நிலைகளில் அளவை அப்படியே நம்பாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பரப்பு வேறு, கொள்ளளவு வேறு. பரப்பு பாதியானால் தண்ணீரும் பாதியாகிவிட்டது என்று பொருள் அல்ல. நம் ஏரிகள் தட்டுப் போல ஆழம் குறைந்தவை. ஓரங்களில் ஆழம் இன்னும் குறைவு. தூர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் படத்தில் தெரியாது. பரப்பைச் சொல்ல மட்டுமே இந்தப் படத்துக்கு உரிமை உண்டு.

ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியும் ஏமாற்றும். மேலே இலை இருப்பதால் குறியீடு அதை நிலம் என்றே சொல்லும். அருகில் இயற்கை நிறப் படத்தையும் வைத்துப் பார்த்தால் இந்தத் தவறு நேராது.

பயிற்சி 2: கடலின் நிறம் சொல்லும் செய்தி

கடலில் மிதக்கும் நுண்ணிய தாவரங்களில் பச்சையம் உண்டு. அவை பெருகினால் கடலின் நிறம் சிறிது மாறும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தையும் சேட்டிலைட் அளந்து, ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று கணக்கிடுகிறது. நுண் தாவரம் இருக்கும் இடத்தில் அதைத் தின்னும் உயிர்களும், அவற்றைத் தின்னும் மீன்களும் சேரும்.

1. நாசா வேர்ல்ட்வியூ தளத்தைத் தேடித் திறக்கவும். கேரளக் கடற்கரையும் கன்னியாகுமரியும் தெரியுமாறு வரைபடத்தைப் பெரிதாக்கவும்.
2. லேயர் சேர்க்கும் பட்டனைக் கிளிக் செய்து, குளோரோபில் என்று ஆங்கிலத்தில் தேடி ஒரு லேயரைச் சேர்க்கவும்.
3. கீழே உள்ள காலக் கோட்டில் ஏதேனும் ஓர் ஆண்டின் பிப்ரவரி மாதத்துக்குச் செல்லவும். சில நாட்கள் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.
4. ஒப்பீட்டு வசதியை இயக்கி, மறுபக்கத்தில் அதே ஆண்டின் செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையோரத்தின் மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அதனால் நுண் தாவரங்கள் பெருகுகின்றன. மத்தி மீனுக்குக் கேரளக் கடல் பெயர் பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பயிற்சியில் பல நாட்கள் நிறமே இல்லாத பெரிய திட்டுகள் தெரியும். அங்கே பச்சையம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேகம் மறைத்ததால் அளவே கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். எக்ஸெல் அட்டவணையில் பூஜ்யம் வேறு, காலிக் கட்டம் வேறு அல்லவா? அதே போலத்தான். ஜூலையை விட்டு செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் மேகம் குறையத் தொடங்கும் என்பதால்தான்.

நிற அளவுகோலையும் கவனியுங்கள். அதில் 0.1லிருந்து 1 வரை உள்ள தூரமும் 1லிருந்து 10 வரை உள்ள தூரமும் ஒன்றே. நிறம் சிறிது மாறினாலும் அளவு பல மடங்கு மாறியிருக்கலாம். ஆற்று முகத்துவாரங்களில் மண் கலங்கலையும் கருவி பச்சையம் என்று எண்ணிவிடும். ஆகவே கரையை ஒட்டிய எண்களை விட சற்று உள்ளே உள்ள எண்களே நம்பத்தக்கவை.

இது வெறும் வேடிக்கை அல்ல. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல் தகவல் மையம், கடல்மட்ட வெப்பநிலையையும் பச்சையத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. இதற்கு இஸ்ரோவின் ஓஷன்சாட் வரிசையும் உதவுகிறது. வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லையே அவர்கள் தேடும் இடம். எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்று முன்பே தெரிந்தால், தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம். மேகம் மூடிய நாட்களில் இந்த அறிவிப்பைத் தயாரிக்க முடியாமல் போவதும் உண்டு.

பயிற்சி 3: ஆர்க்டிக் பனியும் ஒரு தந்திரமும்

வட துருவத்தில் குளிர்காலம் முழுவதும் இருட்டு. கோடையில் மேகம். ஒளியை நம்பும் கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் எல்லாப் பொருள்களும் சிறிதளவு மைக்ரோவேவ் கதிர்களை வெளிவிடுகின்றன. கடல்பனி வெளிவிடும் அளவு ஒன்று. திறந்த கடல் நீர் வெளிவிடும் அளவு வேறு. இந்த வேறுபாட்டை வைத்து 1978 இறுதியிலிருந்து பனிப்பரப்பை விடாமல் அளந்து வருகிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள என்.எஸ்.ஐ.டி.சி. மையம் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில் பனிப்பரப்பு மிகக் குறைவாக இருக்கும். 1981 முதல் 2010 வரை இந்தக் குறைந்தபட்ச அளவின் சராசரி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012ல் அது சுமார் 34 லட்சம். 2013ல் சுமார் 50 லட்சம்.

இப்போது தந்திரத்தைப் பாருங்கள். இந்த எண்களை எக்ஸெல்லில் போட்டு, 2012, 2013 என்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் கிராப் போட்டால், "ஒரே ஆண்டில் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி கூடிவிட்டது" என்று காட்டலாம். எண் எதுவும் பொய் இல்லை. ஆனால் முடிவு தவறு. மொத்தப் பதிவையும் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் பனி பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்ற கணக்கில் குறைந்து வந்திருப்பது தெரியும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இறங்கும் கோடு அது. அதில் மிகத் தாழ்ந்த புள்ளியைப் பிடித்துத் தொடங்கினால் எதுவும் ஏறுவது போலத்தான் தோன்றும்.

இதற்கு எதிர்த் தந்திரமும் உண்டு. 2011லிருந்து 2012 வரை மட்டும் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளில் பனியே இருக்காது என்று சொல்வதும் அதே தவறுதான். நம் ஏரிக்கும் இது பொருந்தும். 2018க்கும் 2019க்கும் இடையில் கண்ட மாற்றம் உண்மை. ஆனால் அந்த இரண்டு படங்களை மட்டும் வைத்து ஏரி நிரந்தரமாக வற்றி வருகிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பல ஆண்டுகளின் வரிசை வேண்டும்.

படமே எடுக்காத சேட்டிலைட்டுகள்

சில சேட்டிலைட்டுகளிடம் கேமராவே கிடையாது. 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கடலுக்கு அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்து கடல்மட்டத்தைக் கணக்கிட்டது. அதன் பாதையிலேயே ஜேசன் வரிசையும், 2020 நவம்பரில் சென்டினல்-6ம் தொடர்ந்தன. உலகக் கடல்மட்டம் 1993 முதல் சராசரியாக சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதை நாம் அறிந்தது இப்படித்தான்.

2002ல் ஏவப்பட்ட கிரேஸ் இன்னும் விந்தையானது. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சேட்டிலைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே எடை அதிகமுள்ள இடம் வந்தால், முன்னால் செல்வது சற்று முதலில் இழுக்கப்படும். அதனால் இடைவெளி மிக நுண்ணிய அளவில் மாறும். அந்த மாற்றத்திலிருந்து கீழே நீரோ பனியோ எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டார்கள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009ல் வெளியான ஆய்வு சொன்னது. போர்வெல்லுக்குள் எட்டிப் பார்க்காமலே கிடைத்த கணக்கு இது.

முடிவு சொல்லும் முன் ஐந்து கேள்விகள்

1. இரண்டு படங்களும் ஒரே மாதமா? ஜனவரி ஏரியையும் மே ஏரியையும் ஒப்பிட்டால் தெரிவது பருவ மாற்றம் மட்டுமே.
2. ஒரே சேட்டிலைட், ஒரே லேயரா?
3. கறுப்பாகத் தெரிவது தண்ணீரா, மேகத்தின் நிழலா? அருகில் மேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. நிறம் இயற்கையானதா, குறியீட்டுக்காகத் தரப்பட்டதா? நிற அளவுகோலைப் பார்க்காமல் பேச வேண்டாம்.
5. எத்தனை ஆண்டுகளின் பதிவு? இரண்டு புள்ளிகளில் எப்போதும் ஒரு நேர்கோடு வரும்.

வீட்டுப் பாடம்

உங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில் ஒரு படம், ஜனவரியில் ஒரு படம் தேர்ந்தெடுக்கவும். ஒரே ஜூம் அளவில் சேமிக்கவும். பைல் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் வருமாறு வைத்தால் போல்டரில் தானாக வரிசைப்படும். எக்ஸெல்லில் தேதி, சேட்டிலைட், பரப்பு, குறிப்பு என நான்கு பத்திகள் அமைக்கவும். மேகம் மறைத்த ஆண்டில் பரப்புக் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தைக் குறிப்பில் எழுதவும். பிறகு கோட்டு கிராப் போடவும்.

பள்ளி மாணவர்கள் இருக்கும் வீட்டில் இது நல்ல விடுமுறைப் பயிற்சி. வேலை முடிந்ததும் அந்த கிராப்பை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்று, எந்த ஆண்டில் ஏரி நிரம்பியது, எந்த ஆண்டில் வறண்டது என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதும் கிராப் சொல்வதும் ஒத்துப்போனால் உங்கள் அளவு சரி. ஒத்துப்போகாத ஆண்டு எது என்று பார்த்து, அந்தப் படத்தை மீண்டும் திறந்து, மேலே உள்ள ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஏதாவது ஒன்றில் காரணம் அகப்படலாம்.